பாதத்தின் சூடும் பீடிக் கட்டும்

(திருவண்ணாமலையில் நடந்த ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



நம்முடைய ஊர் நடக்கிற ஊர். பௌர்ணமிதோறும் ஜனங்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடப்பதைக் காண்கிறோம். ஆனால் 100 அடி நடந்ததும் கெண்டைக்கால் இறுகி வலிக்க, நின்று இளைப்பாறிச் செல்கிறவர்களும் எங்கள் வார்டுக்கு வருகிறார்கள். காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி அடைபடுவதே காரணம். முதியோருக்குச் சர்க்கரை நோயாலும் இது வரும். புகைக்கும் வாலிபருக்கு வருவது பர்கர் நோய். நியூயார்க் மருத்துவர் லியோ பர்கர் 1908-இல் இதை விவரித்து எழுதினார்.

மருந்து இல்லையா என்று கேட்பீர்கள். 1948-இல் லண்டனில் பேட்டன், ஸைமிஸ் என்னும் இருவர் ஹெக்ஸாமெத்தோனியம் என்ற மருந்தின் செயலை வெளியிட்டார்கள். இரத்தக் குழாயைச் சுருங்கச் சொல்லும் கட்டளை, முதுகெலும்பின் இருபுறமுள்ள நரம்பு முடிச்சுகள் வழியாகச் செல்கிறது. இவ்வகை மருந்துகள் அதை அங்கேயே தடுத்துவிடும். குழாய் விரியும், குளிர்ந்த பாதம் சூடாகும். மருந்துக்கு முன்னும் பின்னும் பாதத்தின் வெப்பத்தை அளந்து மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சுருங்கிய குழாய் விரிந்தது. அடைபட்ட குழாயோ திறக்கவில்லை. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் விழுந்து நோயாளி மயங்கவும் செய்தார். ஆகவே அம்மருந்துகள் வழக்கொழிந்தன.

இதை ஏன் சொல்லுகிறோம்? முப்பது வயதுத் தகப்பன் ஒருவர் விரல் கறுத்து வந்தார். நாங்கள் தினமும் அவருக்காக ஜெபித்தோம். தலையணைக்கடியில் பீடிக் கட்டு இருந்ததை ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் மனம் நோவாரோ என்றிருந்தோம். விரலை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகுதான் அருகில் உட்கார்ந்து கேட்டோம். "இதை விட்டால் கால் நிற்குமா ஐயா?" என்றார். விட்டால் பெரும்பாலும் நிற்கும், விடாவிட்டால் போகும் என்று உள்ளதைச் சொன்னோம். அவர் மனைவியிடமே கட்டைக் கொடுத்துவிட்டார். இன்று இரண்டு கால்களால் நடந்து வேலைக்குப் போகிறார்.

பர்கர் நோயில் புகையிலையை அடியோடு விடுவதற்கு ஈடான மருந்து இன்றும் இல்லை. மெல்லும் புகையிலையும் ஆகாது. விடுகிறவருக்குத் துணை வேண்டும். புண்ணுக்குக் கட்டு வேண்டும். மாதாமாதம் பாதத்தைத் தொட்டு நாடி பார்க்கும் கை வேண்டும். உங்கள் காணிக்கை இவற்றுக்கே செல்லுகிறது.

உங்கள் வீட்டில் நடக்கையில் கால் வலிக்கிறவர் இருந்தால், வயதென்று விட்டுவிடாமல் அழைத்து வாருங்கள். விரல் கறுக்குமுன் வாருங்கள்.

தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக.