கடைசி வரிசையில் ஒரு குற்றம்

(பட்டிமன்றத் தலைப்பு: இளைஞர்களை நல்வழிப்படுத்துவது சட்டத்தின் கண்டிப்பா? சமுதாயத்தின் கனிவா? 'கனிவே' என்ற அணியில் ஆற்றிய உரை.)

வீட்டில் ஒரு கையில் பஜ்ஜியும் ஒரு கையில் ரிமோட்டுமாக, "இவராவது நல்லாப் பேசுவாரா, இல்லே சேனலை மாத்திடலாமா" என்று யோசித்துக்கொண்டிருக்கும் அன்பர்களே! (சிரிப்பு)

எனக்கு முன்னால் பேசிய சகோதரி ரொம்ப ஆவேசமாப் பேசினாங்க. "அமெரிக்காவைப் பாருங்க, அங்கே சட்டம்னா சட்டம். கையில கஞ்சா இருந்தா போலீஸ் அள்ளிக்கிட்டுப் போயிடும். அந்தப் பயம் இங்கே வரணும்"னு சொன்னாங்க. நீங்க எல்லாரும் கைதட்டினீங்க. நானும் கைதட்டினேன். அவங்க கருத்துக்காக இல்லை; எனக்கு அடியெடுத்துக் கொடுத்தாங்களே, அதுக்காக! (சிரிப்பு)

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கஞ்சா நல்லது என்று சொல்ல நான் இந்த மேடைக்கு வரவில்லை. வளர்கிற வயதில் அது மூளையைக் கெடுக்கும். சிலருக்கு மனநோயையே கொண்டுவந்து நிறுத்தும். "பேராசிரியர் டி.வி.யில் வந்து புகைக்கச் சொன்னார்"னு நாளைக்கு எவனாவது வீட்டில் சொன்னால், அம்மா, நீங்க முதல்ல அவனைக் கவனிங்க, அப்புறம் எனக்குப் போன் பண்ணுங்க! (சிரிப்பு, கைதட்டல்)

என் கேள்வி வேறு. தப்பு செய்தவனை என்ன செய்வது? அவனைத் திருத்துவதா, தீர்த்துக் கட்டுவதா?

சகோதரி அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுத்துட்டாங்க. நானும் கூடப் போறேன். ஆனா ஓர் ஊர்ல இறங்கிப் பார்ப்போம். அமெரிக்காவின் மேற்குக் கரையில் சியாட்டில் என்று ஒரு நகரம். என் மகள் அங்கேதான் இருக்கிறாள். பேரனைப் பார்க்க இரண்டு முறை போய் வந்தேன். மழை பெய்துகொண்டே இருக்கும் ஊர். நம்ம ஊர்ல மழை வந்தா பள்ளிக்கூடத்துக்கு லீவு. அங்கே அப்படி விட்டா வருஷம் பூரா லீவுதான்! (சிரிப்பு)

அந்த ஊர் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். அந்த மாநிலச் சட்டம் அன்றைக்கு என்ன சொன்னது தெரியுமா? நாற்பது கிராமுக்குள் கஞ்சா வைத்திருந்தாலும் குற்றம். தண்டனை என்று வந்துவிட்டால், முதல் முறையாக இருந்தாலும் குறைந்தது 24 மணி நேரம் சிறை, 250 டாலர் அபராதம். 90 நாள் வரைக்கும் உள்ளே வைக்கலாம். அதற்கு மேலே 1970இல் வந்த மத்திய அரசின் சட்டம். அந்தச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் உட்கார வைத்தது.

சரி, சகோதரி கேட்ட கண்டிப்பு அங்கே இருந்தது. 2003ஆம் ஆண்டில் மட்டும் அமெரிக்கா முழுவதும் கஞ்சா வழக்குகளில் நடந்த கைதுகள் ஏழரை லட்சத்துக்கு மேல்! அதில் பெரும்பகுதி, விற்றதற்காக அல்ல, கையில் வைத்திருந்ததற்காக. இத்தனை பேரைப் பிடித்தும் புகை நின்றதா? நிற்கவில்லை.

ஒரு நாள் சிறைதானே என்பீர்கள். சிறை ஒரு நாள். அதன் நிழல் ஆயுள் முழுவதும்! 1998இல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டுவந்தார்கள். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற மாணவனுக்கு மத்திய அரசின் கல்வி உதவி நிறுத்தப்படும். திருடின பையனுக்கு அந்த விண்ணப்பத்தில் கேள்வி இல்லை. கஞ்சா வைத்திருந்த பையனுக்குக் கேள்வி உண்டு. "நீ கெட்டுப் போகிறாய், அதனால் படிக்காதே" என்றால் என்ன நியாயம் ஐயா? காய்ச்சல் வந்தவனுக்குக் கஞ்சியை நிறுத்துகிற வைத்தியமல்லவா இது? (கைதட்டல்) அந்தத் தடையை நீக்கச் சட்டம் வந்தது 2020இல். இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

இப்போது சியாட்டில் மக்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். மாநிலச் சட்டத்தை மாற்ற ஒரு நகரத்துக்கு அதிகாரம் கிடையாது. மத்தியச் சட்டத்தைத் தொடவே முடியாது. ஆனால் நகரத்துக்குச் சொந்தமாக ஒரு போலீஸ் படை உண்டு. வழக்குத் தொடுக்க நகர அரசு வழக்கறிஞர் உண்டு. மக்களே கையெழுத்து வாங்கி ஒரு தீர்மானத்தை ஓட்டுக்கு விட்டார்கள். அதற்குப் பெயர் இனிஷியேட்டிவ் 75. வயது வந்த ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்குக் கஞ்சா வைத்திருந்தால், அந்த வழக்குகள் போலீசுக்கும் அரசு வழக்கறிஞருக்கும் கடைசி வேலையாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் தீர்மானம்.

கவனிக்கணும். "குற்றம் இல்லை" என்று சொல்லவில்லை. "கடைசி வேலை" என்றார்கள். என் அணிக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

தாய்மார்களுக்கு இது ஒரு நொடியில் புரியும். காலை ஏழரை மணி. அடுப்பில் பால் பொங்குது. குழந்தை சட்டைக்குப் பித்தான் இல்லைன்னு நிக்குது. குக்கர் கத்துது. அந்த நேரத்துல வீட்டுக்காரர் வந்து, "ஏம்மா, என் கண்ணாடியைப் பார்த்தியா?"ங்கறார். கண்ணாடி அவர் நெத்தியிலேயே இருக்கு! (பலத்த சிரிப்பு) அந்த அம்மா என்ன பண்றாங்க? முதல்ல பாலை இறக்குறாங்க. அப்புறம் குழந்தை. அப்புறம் குக்கர். கடைசியாத்தான் ஐயாவோட கண்ணாடி. அதுக்காக அவர் மேல அன்பு இல்லைன்னு அர்த்தமா? முதலில் எதைச் செய்வது என்று தெரிந்தவங்க என்று அர்த்தம். வீட்டுக்கு ஓர் ஒழுங்கு இருப்பது போல ஊருக்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். கொலை, கொள்ளை, பெண்ணைத் துன்புறுத்துவது, இதெல்லாம் பொங்குகிற பால். அதை விட்டுவிட்டு ஒருவன் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருக்கலாமா?

2003 செப்டம்பரில் ஓட்டெடுப்பு நடந்தது. நூற்றுக்கு ஏறக்குறைய 58 பேர் 'ஆம்' என்றார்கள். நகர அரசு வழக்கறிஞரே எதிர்த்துப் பார்த்தார், மக்கள் கேட்கவில்லை. ஓட்டோடு விட்டுவிடவும் இல்லை. என்ன விளைவு வருகிறது என்று பார்க்கப் பதினொரு பேர் கொண்ட குழுவை வைத்தார்கள். அந்தக் குழு சில ஆண்டு பார்த்துவிட்டுச் சொன்னது: இளைஞர்களிடம் பழக்கம் கூடியதாகத் தெரியவில்லை, ஊரில் குற்றம் பெருகியதாகவும் தெரியவில்லை. கண்டிப்பு தளர்ந்தால் ஊரே கெட்டுவிடும் என்றார்களே, வானம் இடிந்து விழவில்லை நடுவர் அவர்களே. வழக்கம்போல் மழைதான் விழுந்தது! (சிரிப்பு, கைதட்டல்)

சியாட்டிலைப் பார்த்து மற்ற ஊர்களும் எழுந்தன. 2004இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து. 2006இல் சாண்டா குரூஸ், சாண்டா பார்பரா, சாண்டா மோனிக்கா. 2008இல் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபேயட்வில். எல்லாமே மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவை.

எதிரணியில் என் தம்பி ஒருவர் சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். "ஐயா, ஓட்டுப் போட்டால் போதுமா? போலீஸ் கேட்டதா?" நியாயமான கேள்வி. நானே பதில் சொல்கிறேன், தம்பிக்கு மை மிச்சம். டென்வர் நகரத்தில் 2005இல் மக்கள் ஓட்டுப் போட்டார்கள். ஆனால் போலீஸ் மாநிலச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டுக்கொண்டேதான் இருந்தது. மக்கள் 2007இல் மறுபடியும் போய், "கடைசி வேலை என்று வையுங்கள்" என்று ஓட்டுப் போட வேண்டியிருந்தது. ஆக, காகிதத்தில் எழுதிய கனிவு மட்டும் போதாது. அதை நடத்துகிறவன் மனசிலும் கனிவு வேண்டும். தம்பி, உங்கள் கேள்வியும் என் அணிக்குத்தான் வந்து சேர்கிறது! (கைதட்டல்)

கண்டிப்பு எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுகிறதா? அதையும் பார்க்கணும். ஏ.சி.எல்.யூ. என்ற அமைப்பு 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கஞ்சாப் பழக்கம் கறுப்பரிடமும் வெள்ளையரிடமும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆனால் கையில் வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பருக்கு 3.73 மடங்கு. பழக்கம் சமம், விலங்கு மட்டும் சமமில்லை! சட்டத்தின் கண்ணைத் துணியால் கட்டியிருக்கிறது என்கிறோம். அந்தத் துணி பல நேரம் கொஞ்சம் நழுவித்தான் இருக்கிறது.

மீண்டும் சியாட்டிலுக்கு வருகிறேன். 2012இல் அந்த மாநிலமே, இருபத்தொரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அது குற்றமில்லை என்று ஓட்டுப் போட்டது. 2014இல் கடையே திறந்தார்கள். நடுவில் 2013 ஆகஸ்டில் ஒரு வேடிக்கை. கஞ்சா ஆதரவாளர்கள் கூடும் பெரிய திருவிழாவுக்குப் போலீஸ்காரர்கள் போனார்கள். லத்தியோடு போகவில்லை, டோரிடோஸ் சிப்ஸ் பொட்டலங்களோடு போனார்கள்! (சிரிப்பு) ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு: போதையில் வண்டி ஓட்டாதே, பொது இடத்தில் பிடிக்காதே, இருபத்தொரு வயதுக்குக் கீழே யாருக்கும் கொடுக்காதே. சட்டத்தைச் சொல்லும் விதத்தில் சொன்னால் கேட்பான் ஐயா! அடித்துச் சொன்னால் ஓடுவான். நொறுக்குத் தீனியோடு சொன்னால் உட்கார்ந்து படிப்பான்! (பலத்த கைதட்டல்)

அங்கே பிள்ளைகளை அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கடையில் விற்கிறார்களே என்று நம்ம பிள்ளை வாங்கிவிடக் கூடாது. மாநிலம் சம்மதித்தாலும் மத்தியச் சட்டம் சம்மதிக்கவில்லை. குடியுரிமை வாங்காமல் விசாவில் இருக்கிறவர்களைப் பிடிப்பது அந்த மத்தியச் சட்டம்தான். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கொடுப்பார். குடியேற்ற அதிகாரி சிரிக்க மாட்டார்.

நடுவர் அவர்களே, இவ்வளவும் எனக்குத் தகவல். என் தூக்கத்தைக் கெடுத்த செய்தி ஒன்று உண்டு. 2018இல் சியாட்டில் நகர நீதிமன்றம் ஒரு காரியம் செய்தது. முன்பு கஞ்சா வைத்திருந்ததற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் பழைய தீர்ப்புகளை நீக்குவது என்று உத்தரவிட்டது. யாரும் மனுப் போட்டு அலையவில்லை. நகர நிர்வாகமே போய்க் கேட்டது. "இந்தக் கறையால் இவர்களுக்கு வேலை போயிற்று, வீடு போயிற்று. நாமே துடைப்போம்" என்ற எண்ணம்.

மகள் வீட்டில் இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் தெரியுமா?

1996. எனக்கு இருபத்தேழு வயது. ஒரு கல்லூரியில் விடுதித் துணைக் காப்பாளர். ஓர் இரவு சோதனையில், இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் டிரங்குப் பெட்டியில் ஒரு சின்னப் பொட்டலம் கிடைத்தது. அவன் வீட்டில் அவன்தான் முதன்முதலில் கல்லூரிப் படியேறியவன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அப்பாவுக்கு மட்டும் சொல்லுங்க, அடிச்சே திருத்திடுவார். ஆபீசுக்குச் சொல்லாதீங்க" என்றான். நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். பையன் முகத்தைப் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் டி.சி. கொடுத்தார்கள். அதில் நடத்தை என்ற இடத்தில் ஒரே சொல்: 'திருப்தியில்லை'.

இருபது வருஷம் கழித்து, ரயில் நிலையத்தில் ஒரு டாக்சி ஓட்டுநர் ஓடி வந்து என் பெட்டியை வாங்கினார். "ஐயா, என்னைத் தெரியலையா?" அவன்தான். கோபம் இல்லை, "ஐயா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். நான் தயங்கித் தயங்கி, "அந்தப் பழக்கம்?" என்றேன். அவன் சொன்னான்: "அதை நான் அந்த வருஷமே விட்டுட்டேன் ஐயா. அந்த சர்டிபிகேட்டுதான் இன்னும் என்னை விடலை." (அரங்கில் அமைதி)

பழக்கத்தை அவன் விட்டான். தண்டனை அவனை விடவில்லை. சியாட்டிலில் ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களின் கறையைத் துடைக்க ஒரு நீதிமன்றம் முன்வந்தது. நான் எழுதிய அந்த ஒரு வரியை எந்த நீதிமன்றத்தில் போய் அழிப்பேன்?

வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் வைத்தார். போதை வேண்டாம் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, நமக்கும் சந்தேகமில்லை. அதே பொருட்பாலில் வெருவந்த செய்யாமை என்றும் ஓர் அதிகாரம் வைத்தார். குடிமக்கள் அஞ்சி நடுங்கும்படி அரசன் நடக்கக் கூடாது என்பதற்கு அது. குடிக்காதே என்று குடிமகனுக்கும் நடுங்க வைக்காதே என்று அரசனுக்கும் ஒரே புலவர்தான் சொன்னார். நாம் முதல் அதிகாரத்தை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டோம்.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விற்றுக் கொழுப்பவன் மேல் பாயட்டும். பள்ளி வாசலில் பொட்டலம் நீட்டுகிறவனை விடவே கூடாது. ஆனால் தடுக்கி விழுந்த பிள்ளைக்கு முதலில் போகவேண்டியது கை, விலங்கு அல்ல. தாய், தந்தை, ஆசிரியர், மருத்துவர் எல்லோரும் பார்த்து முடியாமல், கடைசி வரிசையில் போலீஸ் வரட்டும். நான் வரிசையை மாற்றினேன். ஒரு வாழ்க்கையே மாறிப்போயிற்று.

ஆகவே, இளைஞர்களை நல்வழிப்படுத்துவது சமுதாயத்தின் கனிவே என்று நல்ல தீர்ப்பு வழங்குங்கள் நடுவர் அவர்களே. என் அணிக்காக மட்டும் நான் இதைக் கேட்கவில்லை. அந்த டாக்சி ஓட்டுநரும் இன்றைக்கு எங்கேயாவது ஒரு டீக்கடையில் நின்று இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். தம்பி, என்னை மன்னித்துவிடு.

(நீண்ட கைதட்டல்)