சூடு ஆறுமுன் காண வேண்டிய சான்று



கொதிகலன் குழாய், விசையாழியின் இதழ், அணு உலையின் எரிபொருள் உறை ஆகியவற்றின் ஆயுளைத் தீர்மானிப்பதில், சூட்டில் அவற்றின்மேல் படரும் மெல்லிய ஆக்சைடுப் படலத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படலம் வளரும் முறையைப் பற்றிய நம் முடிவுகள் பல, உலையிலிருந்து எடுத்து ஆறவைத்த மாதிரிகளிலிருந்து பெறப்பட்டவை. எந்த ஆக்சைடு முதலில் தோன்றியது, எப்போது மாறியது, எவ்வளவு தகைவைத் தாங்கி வளர்ந்தது என்று சொல்ல, சூட்டிலேயே பதிவான எக்ஸ் கதிர்ச் சான்று வேண்டும் என்பதே என் வாதம்.

முதற்சான்று இரும்பு. சுமார் 570 டிகிரி செல்சியசுக்கு மேல், காற்றில் சூடாகும் இரும்பின்மேல் உஸ்டைட், மேக்னடைட், ஹேமடைட் என மூன்று அடுக்குகள் அமைகின்றன. 1000 டிகிரியை ஒட்டிய சூட்டில் படலத்தின் தடிப்பில் ஏறக்குறைய 95 விழுக்காடு உஸ்டைட்தான். அதே மாதிரி மெல்ல ஆறும்போது உஸ்டைட் நிலைகுலைந்து இரும்பாகவும் மேக்னடைட்டாகவும் பிரிகிறது. ஆறிய துண்டை மட்டும் பார்ப்பவர், வளர்ச்சியின்போது இல்லாத மேக்னடைட்டையும் கணக்கில் சேர்த்துவிடுவார். நிக்கல்-அலுமினியக் கலவையிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே 900 முதல் 1000 டிகிரி வரை முதலில் விரைந்து வளரும் தீட்டா அலுமினா, பின்னர் மெதுவாக வளர்ந்து உலோகத்தைக் காக்கும் ஆல்ஃபா அலுமினாவாக மாறுகிறது. சூட்டில் மாதிரியின் எடை ஏறுவதைக் காட்டும் வளைவின் சரிவு மாறுவது ஏதோ நடந்ததைக் காட்டும். நடந்தது இன்னதென்று சொல்லாது. எக்ஸ் கதிர் விளிம்புவிளைவுக் கோலத்திலோ ஒன்றன் கோடுகள் தேய்வதும் மற்றதன் கோடுகள் வலுப்பதும் ஒரே மாதிரியில் அடுத்தடுத்துப் பதிவாகின்றன. தகைவின் கணக்கும் அப்படியே. குளிரும்போது உலோகம் அலுமினாவைவிட அதிகமாகச் சுருங்குவதால் படலம் கடும் அமுக்கத்துக்கு உள்ளாகிறது. வளர்ச்சியில் பிறந்த தகைவைச் சூட்டில் அளந்தால்தான் இதிலிருந்து பிரித்தறிய முடியும்.

மாதிரியைச் சட்டெனக் குளிர்வித்து உஸ்டைட்டைக் காப்பாற்றலாமே என்பது ஒரு மறுப்பு. காப்பாற்றலாம், ஆனால் அந்த அதிர்ச்சியே படலத்தில் விரிசலையும் உரிதலையும் உண்டாக்கக்கூடும், தகைவையும் மாற்றிவிடும். அளவீட்டின்போது மாதிரியைச் சூடேற்றும் மேடையின் வெப்பநிலையை நம்பலாமா என்பது இரண்டாவது. வெப்பமின்னிரட்டை காட்டுவதும் மாதிரிப் பரப்பின் சூடும் வேறுபடும் என்பது உண்மையே. விரிவு நன்கறியப்பட்ட பிளாட்டினத்தின் படிகத்தள இடைவெளியைத் துணை அளவாகக் கொண்டால் அப்பிழையைத் திருத்தலாம். மூன்றாவது மறுப்புதான் வலியது: ஆய்வுக்கூட எக்ஸ் கதிர் சில மைக்ரான் ஆழமே ஊடுருவும், தடித்த ஹேமடைட்டுக்கு அடியில் இருப்பது அதற்குத் தெரியாது, படிகமாகாத தொடக்கப் படலமும் கூர்மையான கோடுகளைத் தராது. இதை முழுமையாக ஏற்கிறேன். ஆழத்துக்குச் சின்குரோட்ரானின் உயர் ஆற்றல் கதிரும், படிகமாகாத நிலைக்கு எக்ஸ் கதிர் உட்கவர்வு நிறமாலையும் துணைவர வேண்டும். ஆறிய மாதிரியின் குறுக்குவெட்டை நுண்ணோக்கியில் பார்ப்பதையும் கைவிடக்கூடாது. அடுக்குகளின் இடவமைப்பைச் சொல்வது அதுவே. காலவரிசையை அதனிடம் கேட்கக்கூடாது என்பதே நான் வலியுறுத்துவது.

எனவே இங்கு கட்டுரை படிப்போர் ஒவ்வொருவரும் மூன்றைத் தெளிவாகக் கூற வேண்டுகிறேன்: சூடேற்றிய வளிச்சூழல், வெப்பநிலையைச் சரிபார்த்த முறை, கதிர் கண்ட ஆழம். இவை இருந்தால்தான் ஒருவர் முடிவை இன்னொருவர் சோதிக்க முடியும். சோதிக்கத்தக்க முடிவை நம்பியே பொறியாளர் ஒரு குழாயின் ஆயுளைக் கணிக்க இயலும். அந்தப் பொறுப்புணர்வோடு விவாதிக்குமாறு அழைத்து, மாநாட்டைத் தொடங்கி வைக்கிறேன்.