சயாம் ரயில்பாதையும் நம்மவரும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



அடிமை வாணிகம் என்றவுடன் ஆப்பிரிக்காவும் அமெரிக்காவுமே நம் நினைவிற்கு வருகின்றன. இந்நாளில் நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஆவணப்படங்களைக் காண்கின்றனர். பாட்காஸ்ட் என்னும் ஒலித்தொடர்களைக் கேட்கின்றனர். அவர்களோடு அமர்ந்து கேட்டவற்றுள், ரயில்வே எழுத்தராகிய நம்மைப் பிடித்து நிறுத்தியது ஒரு ரயில்பாதையின் வரலாறு.

சயாம் நாட்டின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். ஜப்பானியப் படை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. மலையையும் காட்டையும் அறுத்து அத்துணை விரைவில் பாதை போட்டால் யார் தலையில் விடியும் என்பதை ரயில்வேக்காரர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. மலாயாவின் கிழக்குக் கரைப் பாதையில் தண்டவாளங்களைப் பெயர்த்து அங்கே கொண்டுபோயினர். அவ்வாறே ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழரையும் கொண்டுபோயினர். மூன்று மாத வேலை, நாளொன்றுக்கு ஒரு வெள்ளி கூலி என்பது முதலில் சொன்ன சொல். ஆள் குறைந்ததும் சொல்லெல்லாம் போய்ப் பலவந்தம் வந்தது.

1943-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் காலரா பரவிற்று. சிறைப்பட்ட வெள்ளைப் போர்வீரர் பட்ட துன்பமும் சிறிதன்று. எனினும் அவர்களிடையே படை மருத்துவர் இருந்தனர். தோட்டத்திலிருந்து போனவர்க்கு அதுவும் இல்லை.

போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டவர் 12,000-க்கு மேல். காஞ்சனபுரி மயானத்தில் மட்டும் ஏறத்தாழ 7,000 வீரர்க்குத் தனித்தனியே கல்லறை உண்டு. ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் எத்தனை பேர்? 70,000 என்பார் சிலர். 90,000 என்பார் சிலர். நம் அலுவலகக் கணக்கில் இருபது ரூபாய் பிசகினால் மேலதிகாரி இரவு வீட்டிற்கு அனுப்பமாட்டார். இங்கே பிசகுவது இருபதாயிரம் உயிர்! நிறவேற்றுமை உயிரோடிருப்பவரை மட்டும் பிரிப்பதன்று. பிணத்தையும் பிரித்துப் புதைக்கும். 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் 1957-ஆம் ஆண்டுப் படத்தை உலகம் கொண்டாடிற்று. நல்ல படந்தான். நம்மவர் கதையை அதில் தேடினால் கிடைக்காது.

இம்மக்கள் மலாயா சென்ற வரலாற்றை நோக்கினால் அங்கும் முன்பணமே நிற்கிறது. கங்காணி ஊருக்கு வந்து வழிச்செலவிற்குக் கொடுத்த தொகை கடனாயிற்று. கடன் காலைக் கட்டிற்று. அது கடல் கடந்த கதை எனத் தள்ளிவிட முடியவில்லை. கன்னட நாட்டார் 'ஜீத' என்பதும் தமிழ்நாட்டார் கொத்தடிமை என்பதும் அதே கட்டுத்தான். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்து, அக்கடனையும் செல்லாதென்றது. ஆயினும் செங்கற்சூளையிலும் கல்லுடைக்குமிடத்திலும் முன்பணத்திற்காக மக்கள் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்ட செய்திகள் அதன் பின்னரும் வந்தவண்ணம் உள்ளன. மீட்டு விடுதலைச் சான்றிதழ் வழங்க வேண்டியது மாவட்ட நிர்வாகம். கன்னடம் அறியாது பிழைக்க வந்த குடும்பம் அவ்வலுவலகத்தின் படியேறுவது எளிதா? நம் சங்கத்தில் கன்னடம் அறிந்தவரும், மனு எழுதியே தலை நரைத்தவரும் பலர் உளர். அத்தகைய குடும்பம் எதையேனும் கண்டால் செயலாளரிடம் சொல்லுங்கள். மனுவை நாம் எழுதித் தருகிறோம்.

மற்றொன்று. விழா முடிந்தபின் வாயிலருகே ஒரு குறிப்பேடு வைக்கப்படும். மலாயா சென்று, சயாமுக்குப் போய்த் திரும்பாத முன்னோர் உங்கள் குடும்பத்தில் இருப்பின், அவர் பெயர், சொந்த ஊர், தோட்டத்தின் பெயர் ஆகியவற்றைத் தெரிந்த மட்டும் எழுதுங்கள். வீட்டில் வயதான பாட்டிமார் இருப்பின் இன்றிரவே கேட்டு, நாளை வந்தும் எழுதலாம்.