திடீர் மரணமும் தலைவிதியும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம் முழங்காலுக்குப் பின்னால் உண்டாகும் ஒரு புடைப்பைப் பற்றியதாகும். சுயமரியாதைக் கூட்டத்தில் வைத்தியப் பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தலைவிதி என்னும் எண்ணம் வேறு எங்கும் இருப்பதை விட நோயிலும் சாவிலுந்தான் பலமாக வேரூன்றி இருக்கிறது. ஆதலால் அங்கேயே போய் அதை வெட்ட வேண்டியிருக்கிறது.

நன்றாய் நடமாடிக் கொண்டிருந்த ஒருவர் திண்ணையை விட்டு எழுந்திருக்கிறார். மூச்சுத் திணறுகிறது. மார்பைப் பிடித்துக் கொண்டு விழுந்து சாகிறார். உடனே நாம் என்ன சொல்லுகிறோம்? "வேளை வந்து விட்டது", "பேய் அடித்து விட்டது" என்கிறோம். புரோகிதர் வந்து, செத்த நட்சத்திரம் சரியில்லை, வீட்டுக்கு அடைப்பு என்று சொல்லி, அதற்கொரு சாந்தியும் செய்து தட்சணை வாங்கிக் கொண்டு போகிறார். செத்தவர் ஏன் செத்தார் என்று கேட்பவர் ஒருவருமில்லை.

இப்படிப்பட்ட சாவுக்குக் காரணங்கள் பல உண்டு. அவற்றுள் அபூர்வமான ஒன்றைத்தான் சொல்ல வந்தோம். இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டு போவது தமனி. திரும்பக் கொண்டு வருவது சிரை. இரத்தம் இப்படிச் சுற்றி வருகிறதென்பதை 1628-ம் வருஷத்தில் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர் எழுதி வெளியிட்டார். ஆயிரம் வருஷங்களுக்கு மேலாகக் காலன் என்பவருடைய ஏட்டையே வேதவாக்காய் நம்பிக் கிடந்த உலகத்தில், அவர் கையைக் கட்டிப் பார்த்தும், நாளத்தை விரலால் அழுத்திப் பார்த்தும் உண்மையைக் காட்டினார்.

சிரையின் சுவர் மெல்லியது. சிலருக்கு முழங்காலின் பின்புறத்து ஆழ்ந்த சிரையில் அச்சுவர் ஓரிடத்தில் பலமிழந்து பை போல் புடைத்து விடுகிறது. அப்பைக்குள் இரத்தம் சுழன்று தேங்கி உறைகிறது. உறைந்த கட்டி ஒரு நாள் பிய்த்துக் கொண்டு, இருதயத்தின் வலது பக்கத்தின் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்குள்ள குழாயை அடைத்துக் கொள்ளுகிறது. பெரிய கட்டியாயிருந்தால் ஆள் பிழைப்பதரிது. ஆகவே வந்தது எமனுடைய பாசக்கயிறு அல்ல. காலிலிருந்து கிளம்பிய ஓர் உறைகட்டியேயாகும்.

இந்த முழங்கால் சிரைப் புடைப்பு 1968-ல் தான் வைத்திய நூல்களில் இடம் பெற்றது. அதனால் நுரையீரல் திரும்பத் திரும்ப அடைபட்ட ஒரு நோயாளியின் வரலாறு 1976-ல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. திரிகாலமும் உணர்ந்தவர்கள் என்னும் ரிஷிகள் ஒருவராவது இதைச் சொல்லி வைத்தார்களா?

இனி இதைக் கண்டுபிடிப்பது எப்படி? அநேகமாய் வெளியில் ஒன்றும் தெரியாது. சிலருக்குக் காலில் வலியோ வீக்கமோ, முழங்காலின் பின்னால் மெத்தென்ற புடைப்போ இருக்கலாம். அதை மூட்டில் நீர் கோத்த கட்டியென்று எண்ணி ஊசி குத்தினாலும் கத்தி வைத்தாலும் ஆபத்து. தோலின் மேல் தெரியும் நரம்புச் சுருட்டல் வேறு, இது வேறு. சந்தேகம் வந்தால் அல்ட்ராசவுண்டு என்னும் ஒலியலைக் கருவியை வைத்துப் பார்க்க வேண்டும். அதில் கத்தியுமில்லை, வலியுமில்லை. புடைப்பின் அளவு என்ன, உள்ளே உறைகட்டி உண்டா, இரத்தம் எப்படி ஓடுகிறது என்பவையெல்லாம் தெரியும். வேண்டுமானால் சி.டி., எம்.ஆர்.ஐ. படமும் எடுப்பார்கள்.

இதற்கு வைத்தியர் நோயாளியின் காலைத் தொட வேண்டும். தீட்டுப் பார்க்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1836-ல் கல்கத்தா வைத்தியக் கல்லூரியில் மதுசூதன குப்தர் பிணத்தை அறுத்துப் பாடங் கற்றது சாஸ்திரக்காரர்களுக்கு மகா பாதகமாய்ப்பட்டது. அந்தப் "பாதகத்தை" யாரும் செய்யாதிருந்தால் நம் நாட்டில் இன்று நாளத்தைத் தொட்டுத் தைக்கும் டாக்டர் ஒருவராவது உண்டா? நம் தாய்மார்களும் காலைக் காட்ட வெட்கப்பட்டு நோயைச் சேலைக்குள் மறைப்பதை விட்டுவிட வேண்டும்.

சிகிச்சையோ கண்ணுக்குத் தெரிந்த வேலை. புடைப்பு சுமார் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்டாலும், பை வடிவமாயிருந்தாலும், உள்ளே உறைகட்டி இருந்தாலும், பெரும்பாலும் ஆப்பரேஷன் செய்யச் சொல்லுவார்கள். இரத்தம் உறையாதிருக்க மருந்து மட்டும் கொடுத்தால் போதாது. மருந்து சாப்பிடும் போதே மறுபடியும் நுரையீரல் அடைத்தவர்கள் உண்டு. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலின் பின்புறத்தைத் திறந்து, பக்கத்து நரம்புகளைப் பத்திரமாய் ஒதுக்கி, சிரையை மேலும் கீழும் கவ்விப் பிடித்து, உறைகட்டியை எடுத்து, அதிகப்படியான சுவரை நறுக்கி விட்டு, மிச்சத்தைப் பழைய குழாயளவுக்குத் தைத்து விடுகிறார்கள். சுற்றிலும் கெட்டிருந்தால் அத்துண்டை எடுத்து விட்டு முனைகளை இணைப்பார்கள். அல்லது அதே மனிதனின் காலிலிருந்து வேறொரு சிரைத் துண்டை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். பிறகு சில மாதம் மருந்து. அவ்வப்போது ஒலியலைப் பரிசோதனை.

இரத்தக் குழாயைத் தைக்கும் வித்தையை 1902-ல் வெளியிட்ட பிரெஞ்சு டாக்டர் காரெல், லியோன் நகரத்துப் பூத்தையல்காரி ஒருத்தியிடம் ஊசி வேலை பழகினார் என்று சொல்லுகிறார்கள். அவருக்கு 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. கைத்தொழில் இழிவானது என்னும் ஜாதிக்காரர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கட்டும்.

"ஆப்பரேஷனிலும் செத்தால் அது விதி தானே?" என்று ஒரு தோழர் கேட்கலாம். ஆப்பரேஷனில் ஆபத்தே இல்லையென்று நாம் சொல்லவில்லை. இரத்தம் கசியலாம், நரம்பு மரத்துப் போகலாம், மறுபடியும் உறையலாம். ஆனால் டாக்டர் அதை முன்னதாகவே சொல்லுகிறார். தவறினால் ஏன் தவறிற்று என்று பார்த்து அடுத்தவருக்குத் திருத்திக் கொள்ளுகிறார். சாந்தி செய்தும் பலிக்காமல் போன புரோகிதர் என்றைக்காவது தட்சணையைத் திருப்பிக் கொடுத்ததுண்டா? தன் மந்திரத்தைத் திருத்திக் கொண்டதுண்டா?

எல்லாப் புடைப்புக்கும் கத்தி வேண்டுமென்றும் எண்ண வேண்டாம். சிறியதாகவும் உறைகட்டி இல்லாமலும் இருந்தால் கவனித்து வந்தாலே போதும். குழந்தை அழும் போது கழுத்தில் புடைக்கும் சிரைப் பை பெரும்பாலும் தீங்கற்றது. எதற்கு எது வேண்டுமென்பதை அறிவதற்கே பரிசோதனை.

ஆகவே தோழர்களே! ஒரு கால் மட்டும் வீங்கினாலும், காரணமின்றி மூச்சுத் திணறினாலும், மந்திரித்த கயிற்றைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், காரணத்தைக் கேளுங்கள். காரணம் கேட்கத் துணிந்தவனிடம் தலைவிதிக்கு வேலையில்லை.