வரி பாக்கியோடு வருகிறவர்கள்

இன்று பட்டம் பெறும் இளம் வழக்கறிஞர்களே,

அரசியல் சட்டத்தைப் பற்றிப் பேசும் ஒருவரை எதிர்பார்த்திருப்பீர்கள். வந்திருப்பது வருமான வரி வக்கீல். அதிலும் பெரிய கம்பெனிகளுக்கு வரித் திட்டம் போட்டுக் கொடுப்பவன் அல்லன். பேங்க் கணக்கு முடங்கிய பிறகு பதறி ஓடி வருகிறவர்களின் வக்கீல்.

வருகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவு குறைக்கலாம் சார்?" நாம் முதலில் பார்க்க வேண்டியது, இந்தக் கடன் இவருடையதுதானா என்று.

ஆம்பூர்ப் பக்கம் மூடிப்போன தோல் கம்பெனி ஒன்றின் மேலாளர் வந்தார். சம்பளத்தில் மாதாமாதம் டிடிஎஸ் பிடித்த முதலாளி, அதை அரசுக்குக் கட்டவேயில்லை. பிடித்த வரி பதிவாக வேண்டிய 26ஏஎஸ் படிவத்தில் அந்த ஆண்டே காலி. கணினி இவரைக் கடனாளி ஆக்கிவிட்டது. "கட்டிட்டு நிம்மதியா இருங்க" என்று ஆடிட்டரும் சொல்லியிருந்தார். 1961 வருமான வரிச் சட்டத்தின் 205-ஆம் பிரிவைப் பாருங்கள்: சம்பளத்தில் பிடித்தாகிவிட்ட வரியை ஊழியரிடம் மறுபடி கேட்கக் கூடாது. 2015-இல் நேரடி வரிகள் வாரியமே தன் அதிகாரிகளுக்கு இதை எழுதியது. ஆனாலும் நோட்டீஸ் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஜவுளிக்கடைப் பை ஒன்றில் பழைய சம்பளச் சீட்டுகளை அவர் வைத்திருந்தார். மொத்தச் சம்பளம், பிடித்தம், கையில் வந்தது. கடைசித் தொகை மாதந்தோறும் பாஸ்புக் வரவோடு ரூபாய் சுத்தமாகப் பொருந்தியது. அதற்கு மேல் வாதாட எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பையை அவர் மனைவி எடைக்குப் போட்டிருந்தால் கதை வேறு.

கணவர் இறந்தபின் அவர் பேரில் இருந்த பாக்கிக்காகத் தாலியை விற்கப் புறப்படும் பெண்களும் வருவார்கள். வாரிசின் பொறுப்பு, இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவோடு நின்றுவிடும், 159-ஆம் பிரிவு. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். யாரும் சொல்வதில்லை.

அப்பீல் போட்டாலும் 20 சதவீதம் கட்டினால்தான் ஸ்டே என்று எல்லோரும் மந்திரம் போலச் சொல்வார்கள். வாரியம் 2017-இல் வைத்த பொது அளவு அது. எல்ஜி எலக்ட்ரானிக்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், அதற்குக் குறைவாக வாங்கிக்கொண்டும் அதிகாரி ஸ்டே கொடுக்கலாம் என்று 2018-லேயே சொல்லிவிட்டது. வசதியின்மையைக் காட்டும் ஆவணங்களோடு கேளுங்கள். கேட்காதவருக்கு 20-தான். ஸ்டே கிடைத்தாலும் வட்டி நிற்காது, தோற்றால் மாதம் ஒரு சதவீதம் சேர்ந்து வரும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

நிஜமாகவே பாக்கி வைத்தவர்களும் வருவார்கள். அவர்களிடம் கட்டச் சொல்லுங்கள், தவணை வாங்கிக் கொடுங்கள். நம் நாட்டில் அதிகாரியோடு பேசி வரியைக் குறைக்க வழியில்லை. 2020-லும் 2024-லும் வந்த விவாத் சே விஸ்வாஸ் போல அரசே திட்டம் கொண்டுவந்தால்தான் உண்டு. "பேசி முடிச்சுத் தர்றேன்" என்று வாசலில் நிற்கும் இடைத்தரகரோடு காப்பி கூடக் குடிக்காதீர்கள்.

இந்தக் கணக்குகளுக்கு ஆயுள் கெட்டி. 2024 இடைக்கால பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சில்லறை பாக்கிகளைக் கைவிடுவதாக அறிவித்தபோது, அவற்றில் சில 1962-ஆம் ஆண்டு வரை பின்னோக்கிப் போயின. அதனால் ஒரு யோசனை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் அமலாகிறது, பிரிவு எண்களெல்லாம் மாறுகின்றன. முந்தைய ஆண்டுகளின் பாக்கிகளுக்குப் பழைய சட்டம்தான். புதிய புத்தகத்தை வாங்குங்கள். சீனியர் பழையதைக் கழிக்கப் பார்த்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முதல் கட்சிக்காரர் அநேகமாக அந்தப் புத்தகத்துக்குத்தான் வேலை வைப்பார்.