கயிற்றை எங்கே கட்டுவது? ஏறுமுன் கேளுங்கள்!

(ஓசூர் வட்டாரத் தொழிலாளர்களிடையே நிகழ்த்திய உரை)



ஒரு தொழிலாளி சாரத்திலிருந்து விழுந்து செத்தால் ஊரில் என்ன பேசிக்கொள்கிறார்கள்? "அவன் விதி அவ்வளவுதான்" என்கிறார்கள் சிலர். "அஜாக்கிரதை, கால் தவறிவிட்டான்" என்கிறார் கண்டிராக்டர். "குடித்திருப்பான்" என்று காதோடு காதாகச் சொல்லி வைக்கிறார் மேஸ்திரி. மறுநாள் பத்திரிகையில் மூன்று வரிச் செய்தி வருகிறது. அதோடு சங்கதி முடிந்தது. அதே சாரத்தில் இன்னொருவன் ஏறுகிறான்.

கால் தவறுவது உண்மைதான். யாருக்குத்தான் தவறாது? வரப்பில் நடக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் தவறுகிறது. ஆலைக்குள் நடப்பவனுக்கும் தவறுகிறது. வரப்பில் தவறினால் காலில் சேறு ஒட்டும். நாற்பது அடி உயரத்தில் தவறினால் ஒரு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும். இரண்டு இடத்திலும் கால் ஒன்றுதான். மேலே, ஓரத்தில் தடுப்பு இருந்ததா, இல்லையா? அந்தத் தடுப்பைப் போட வேண்டியவர் யார்? இன்று நாம் பேச வேண்டியது இதைத்தான்.

ஒரு நொடிக் கணக்கு

பதினாறு அடி உயரத்திலிருந்து விழுபவன் தரையைத் தொட ஒரே நொடி ஆகிறது. தொடும்போது அவன் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டர். அறுபத்து நான்கு அடி என்றால் இரண்டு நொடி. வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். நெடுஞ்சாலையில் ஓடும் லாரி மோதுவதும் இதுவும் ஒன்றுதான்.

இந்த ஒரு நொடியில் எதையாவது பிடித்துக்கொள்ள முடியுமா? கூட இருப்பவன் கை கொடுக்க முடியுமா? முடியாது. ஆகவே அவனைக் காப்பாற்றும் வேலை முழுவதும் அவன் ஏறுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். "பார்த்து வேலை செய்" என்று கீழே நின்று கத்துவது பாதுகாப்பு ஆகாது.

நம் வட்டாரத்தில் நடப்பது என்ன?

ஓசூரிலும் சூளகிரியிலும் பர்கூரிலும் சிப்காட் வளாகங்கள் இருக்கின்றன. புதுப்புதுத் தொழிற்கூடங்கள் எழும்புகின்றன. ஜூஜூவாடியைத் தாண்டினால் கர்நாடகம்; அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று பெங்களூர் வரை கட்டட வேலைதான். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் அஞ்செட்டியிலும் கேழ்வரகு அறுவடை முடிந்ததும் மானாவாரி நிலத்தில் என்ன வேலை இருக்கிறது? கையில் மண்வெட்டி பிடித்தவன் அடுத்த வாரம் கலவைச் சட்டி தூக்குகிறான். நேற்றுவரை மாமரத்தைவிட உயரமான எதிலும் ஏறாதவனை இன்று ஐந்தாம் மாடிச் சாரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். எப்படி ஏறுவது, எதில் கால் வைப்பது என்று யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் காலை வேளையில் பனி இறங்கி இரும்புக் குழாய் நனைந்து வழுக்கும். வெயில் ஏறிக் குழாய் காயும் முன்பே "ஏறு, ஏறு" என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரத்துக்கு விலை கொடுப்பவன் யார்?

ஆலைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஆலையின் கூரையைப் பாருங்கள். பல பழைய கூடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடு. வெளிச்சத்துக்காக இடையிடையே பிளாஸ்டிக் ஓடு. மழைக்கு முன் ஒழுகலை அடைக்கவும், ஓட்டை மாற்றவும் கண்டிராக்டின் ஆள் மேலே ஏறுகிறான். அந்த ஓடு மழையைத் தாங்கும், மனிதனைத் தாங்காது. வெயிலில் காய்ந்து, தூசி படிந்து, எது சிமெண்ட் ஓடு, எது பிளாஸ்டிக் ஓடு என்றே தெரியாமல் போய்விடுகிறது. கால் வைத்த இடம் உடைகிறது. கீழே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் மேல் அவன் விழுகிறான்.

ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. குறைந்தது இரண்டு இரும்புச் சட்டங்களின் மேல் படியும்படி நீளப் பலகை போட்டு, அதன் மேல்தான் நகர வேண்டும். கீழே வலை கட்ட வேண்டும். பிளாஸ்டிக் ஓட்டின் மேல் கம்பிவலை மூடி போட வேண்டும். கூரையில் ஏறுபவன் உங்கள் சங்கத்தில் உறுப்பினன் அல்ல. உங்கள் ஆலையின் பதிவேட்டில் அவன் பெயரும் இல்லை. ஆனாலும் அவன் நின்று வேலை செய்வது உங்கள் தலைக்கு மேலேதான். பலகை இல்லாமல் அவனை ஏற்றினால் நீங்கள் கேளுங்கள். அவன் கேட்டால் நாளைக்கு வேலை இல்லை. உங்கள் சங்கம் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெல்ட் மட்டும் போதுமா?

இன்று பல இடங்களில் பெல்ட் கொடுக்கிறார்கள். அதிகாரி வரும் நாளில் எல்லோர் உடம்பிலும் பெல்ட் இருக்கிறது. கொக்கியோ காற்றில் ஆடிக்கொண்டிருக்கிறது! மாட்டுவதற்கு இடம் இல்லையே, எங்கே மாட்டுவான்?

முறை என்ன என்று கேளுங்கள். முதலாவது, தரையில் செய்யக்கூடிய வேலையைத் தரையிலேயே செய்ய வேண்டும். கம்பி வளைப்பதையும் சட்டம் இணைப்பதையும் கீழே முடித்துக் கிரேனில் தூக்கினால், மேலே நிற்கும் நேரம் பாதியாகும். இரண்டாவது, மேலே போய்த்தான் ஆக வேண்டுமென்றால் சாரம் உறுதியாக நிற்க வேண்டும். பலகை இடைவெளி இல்லாமல் முழுதாகப் பரப்பியிருக்க வேண்டும். ஓரத்தில் இடுப்பளவுக் கம்பி, நடுக்கம்பி, காலடியில் தடுப்புப் பலகை மூன்றும் வேண்டும். லிப்ட் குழியையும் தளத்தில் விட்ட துவாரங்களையும் நகராத மூடியால் மூட வேண்டும். மூன்றாவது, கீழே வலை. கடைசியாகத்தான் பெல்ட்.

அந்தப் பெல்ட்டும் இடுப்பில் மட்டும் கட்டுவதாக இருக்கக் கூடாது. விழும்போது இடுப்புப் பெல்ட் முதுகெலும்பை முறித்துவிடும். தோள், மார்பு, தொடை எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கும் முழு உடல் பெல்ட் வேண்டும். கொக்கியைத் தலைக்கு மேலே, ஆள் பாரத்தைத் தாங்கும் உறுதியான இடத்தில் மாட்ட வேண்டும். ஆறடிக் கயிற்றைக் காலடியில் கட்டிக்கொண்டு பத்தடி உயரத்தில் நின்றால் கயிறு இறுகும் முன்பே தரை வந்துவிடும். பெல்ட்டில் தொங்குபவனையும் சில நிமிடங்களுக்குள் இறக்கியாக வேண்டும். ரத்தம் காலில் தேங்கினால் தொங்கியபடியே உயிர் போகும். இறக்குவதற்கு ஏணியும் ஆளும் தயாராக இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

வலை என்றேன். அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1937ல் கட்டி முடித்த கோல்டன் கேட் பாலத்தின் கதையைக் கேளுங்கள். பெரிய பாலம் என்றால் இத்தனை லட்சம் டாலருக்கு இத்தனை பிணம் என்று கணக்குப் போட்ட காலம் அது. அங்கே பாலத்தின் அடியில் வலை கட்டினார்கள். வலையில் விழுந்து 19 பேர் உயிர் பிழைத்தார்கள். ஆனால் 1937 பிப்ரவரி 17 அன்று பாரமான சாரம் ஒன்று பெயர்ந்து வலையையும் கிழித்துக்கொண்டு விழுந்தது. 10 பேர் மாண்டார்கள். இதில் இரண்டு பாடம் இருக்கிறது. தடுப்புப் போட்டால் மனிதன் பிழைக்கிறான். சாரமே சரிந்தால் எந்த வலையும் காப்பாற்றாது.

சாரமும் கட்டமைப்பும் சரிவது பழங்கதை அல்ல. 2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூர் அனல் மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்புக் கட்டமைப்பு சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். அசாம் முதலிய தூரத்து மாநிலங்களிலிருந்து பிழைக்க வந்தவர்கள் அவர்கள். ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் கால் தவறியதா? ஒன்பது பேரும் ஒன்றாக அஜாக்கிரதையாக இருந்தார்களா?

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டுமானத் தொழிலாளிக்குச் சட்டம் தானாக வந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் 1982ல் உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகே 1994ல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது. நாடு முழுவதும் இயக்கம் நடந்து, 1996ல் மத்தியச் சட்டமும், கட்டடச் செலவில் 1 சதவீதத்துக்குக் குறையாத தொகையை நல நிதியாக வசூலிக்கும் சட்டமும் வந்தன. ஒரு கோடி ரூபாய்க் கட்டடம் என்றால் ஒரு லட்சம் ரூபாய் தொழிலாளிக்கென்று போக வேண்டும். நல வாரியத்தில் பதியாதவர்கள் இந்த மாதமே பதிந்துகொள்ளுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் பழைய பாதுகாப்புச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. அதிலிருந்து மூன்று சங்கதிகளை நினைவில் வையுங்கள். பாதுகாப்புச் சாதனத்துக்காகத் தொழிலாளியிடம் ஒரு காசும் வாங்கக் கூடாது; பெல்ட்டுக்கும் தலைக்கவசத்துக்கும் கூலியில் பிடித்தால் அது சட்ட விரோதம். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுக்க வேண்டும். உயிருக்கு ஆபத்து என்று அஞ்ச நியாயமான காரணம் இருந்தால் அதை முதலாளியிடம் தெரிவிக்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. முதலாளி உடனே சரிசெய்ய வேண்டும்.

ஆனால் ஒரு பெரிய ஓட்டையும் இருக்கிறது. கட்டட வேலைக்கான விதிகள் பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தைத் தொடுவதில்லை. ஒரு கொத்தனார், நான்கு சித்தாள் என்று வீடு கட்டும் இடம் நம் ஊர்களில் எத்தனை! அங்கே ஓரக்கம்பியைக் கேட்க அதிகாரி வரமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

எல்லை தாண்டி விழுந்தால்?

நம்மவர் பலர் காலையில் எல்லை தாண்டிப் போய் இரவில் திரும்புகிறார்கள். கர்நாடகத்தில் விழுந்தால் நஷ்ட ஈட்டுக்கு அங்கே போய் அலைய வேண்டுமா? வேண்டியதில்லை. குடும்பம் வசிக்கும் பகுதியின் அதிகாரியிடமே மனுப் போடலாம். 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் பின்னாளில் சேர்த்த இந்த உரிமை இன்றைய தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. கண்டிராக்டர் ஓடிவிட்டால் வேலையைக் கொடுத்த முதன்மை முதலாளி பொறுப்பு. "குடித்திருந்தான், பெல்ட் போடவில்லை" என்ற சாக்கு, தொழிலாளி இறந்தாலோ நிரந்தரமாக முழு ஊனம் அடைந்தாலோ செல்லாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் கையில் திணித்த சொற்பத் தொகைக்கு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்! யாரிடம் வேலை செய்தோம், எந்த இடம், எத்தனை நாள், கூட இருந்தவர் யார் என்பதை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூலி போட்ட ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

விழுந்தவனைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடித்துப் போடாதீர்கள். முதுகெலும்பு முறிந்திருந்தால் அதுவே அவனை முடமாக்கிவிடும். 108க்குச் சொல்லி, அதுவரை தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

கூடிக் கேட்போம்

தனியாக ஒருவன் "ஏறமாட்டேன்" என்றால், "நீ போ, வேறு ஆள் இருக்கிறான்" என்பார் மேஸ்திரி. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவனைக் காட்டுவார். அந்த வேறு ஆள் நமக்குப் பகையா? அவனுக்கும் ஊரில் பெண்டாட்டி பிள்ளை காத்திருக்கிறார்கள். அவனுக்குத் தமிழ் தெரியாது. "அந்தப் பலகை ஆடுகிறது" என்று நாம் கத்தினால் புரியாது. இது தமிழும் தெலுங்கும் கன்னடமும் சேர்ந்து பேசும் பூமி. இன்னொரு மொழியில் பத்து வார்த்தை கற்றுக்கொள்வது நமக்குக் கஷ்டமா? நில், ஏறாதே, கயிறு மாட்டு, கம்பியைத் தொடாதே, கரண்ட் இருக்கிறது: இவற்றை அவன் மொழியில் கற்றுக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பலகையை அவன் படிக்கும் எழுத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

நாளைக் காலை வேலைக்குப் போனதும் எல்லோரும் சேர்ந்து மூன்று கேள்வி கேளுங்கள். ஓரக்கம்பி எங்கே? கயிற்றை எங்கே கட்டுவது? விழுந்தால் இறக்குவது யார்? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு ஏறுங்கள். அதற்கு அரைமணி நேரம் ஆகட்டும். அந்த அரைமணிக்கும் கூலி உண்டு என்று சேர்ந்தே கேளுங்கள். ஒருவன் கேட்டால் அது முணுமுணுப்பு. இருபது பேர் கேட்டால் சாரத்துக்கு ஓரக்கம்பி வரும்!