பதிவுகளைக் காப்பதும் கல்விப் பணியே

 

மாணவர் பட்டியல், உதவித்தொகைக் கணக்கு, சான்றிதழ்ப் படிகள் யாவும் இன்று கணிப்பொறிக்குள் குடிபுகுந்துவிட்டன. ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைக்கு அப்பதிவே பெருஞ்செல்வம். அதனைக் குறைந்த செலவில் காப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் ஆராய வேண்டுவது.

ஒரு சர்வர் நின்றால் மற்றொன்று பணியை ஏற்க வேண்டும் என்பர் சிலர். நன்று, ஆயினும் ஒன்றில் தவறி அழித்தது, உடன் இயங்கும் மற்றதிலும் அக்கணமே அழியும். மாற்று சர்வர் வேலையைக் காக்கும். காப்புப்படியே இழந்ததை மீட்டுத் தரும். அலுவலகம் ஒரு நாள் நின்றால் மறுநாள் திறக்கலாம். 25 ஆண்டுப் பதிவு போனால் மீளாது. ஆதலின் கைப்பொருள் குறைந்தோர்க்குக் காப்புப்படியே முதற்செலவு.

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிப்புக் கட்டளை இட்டார். சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபியே எஞ்சியது. நாள்தோறும் எடுக்கப்பட்டதாக நம்பிய படிகள் பதிவாகவே இல்லை. ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த படியொன்றே கைகொடுத்தது. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்திராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் தீக்கிரையானது. மூலத்தையும் படியையும் ஒரே இடத்தில் வைத்திருந்தோர் இரண்டையும் இழந்தனர்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்கவை எளியன. மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள் இருத்தல் வேண்டும். அவை இரு வகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். ஒன்றேனும் வெளியூரில் இருத்தல் வேண்டும். இரண்டு வெளி ஹார்டு டிஸ்குகளை வாங்கி, வாரம் ஒன்றாக மாற்றி மாற்றிப் படியெடுக்கலாம். எடுத்தவுடன் இணைப்பைக் கழற்றிவிட்டால் வைரஸ் அதனை அண்டாது. வெளியூர் செல்லும் டிஸ்கு கடவுச்சொல்லால் பூட்டப்படல் வேண்டும். அக்கடவுச்சொல்லைப் பொறுப்பாளர் இருவர் அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்று திங்களுக்கு ஒருமுறை பழைய கணிப்பொறி ஒன்றில் அப்படியை ஏற்றி, பத்து மாணவர் பதிவுகளையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். சர்வர் பழுதாகும் நாளில் அப்பழைய பொறியே மாற்றாக நிற்கும். திறந்து பாராத படி, எண்ணிப் பாராத உண்டியல் போன்றது.

இளைஞர்களே! இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. தவறாத ஒழுங்கே வேண்டும். பெரியோர் கையால் எழுதிச் சேர்த்த ஏடுகளின் பொறுப்பு இனி உங்களுடையது. அதனை ஏற்க முன்வருமாறு அழைக்கின்றோம்.